தேர்வில் ஒரு வேகம், பணியில் ஒரு வேகம்

கைப்பேசி செய்யும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் தத்தம் பேசிகளுள் ஒன்றைப் பொறுக்கியெடுத்து, 'எம் தொழிலின் முழுத்திறமும் இதனுள் அடங்கியுள்ளது' என்று உலகின்முன் நிறுத்துகின்றன. கடற்படையில் தளபதி எக்கப்பலில் இருக்கின்றாரோ அக்கப்பலின் கொடிமரத்தில் அவருடைய கொடி பறக்கும். அந்தக் கப்பலின் பெயரையே ஆங்கிலத்தார் இத்தகைய பேசிக்கும் இட்டு வழங்குகின்றனர். சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் 'கொடிக்கப்பல் பேசி' என்றால் மாணாக்கர் கடலைத் தேடிப் போவர். 'தலைமைப் பேசி' என்பதே போதும்.

இத்தலைமைப் பேசிகளைப் பற்றிப் பயன்படுத்துவோர் கூறும் கருத்துகளைத் தொகுத்துப் பார்ப்பவர்க்கு ஓர் ஒழுங்கு புலப்படும். முதற்கிழமையில் எழுவன பெரும்பாலும் புகழுரைகள்: திரை பளிச்சென்றிருக்கின்றது, படக்கருவி கூர்மையாய்ப் பிடிக்கின்றது, கைக்கு வாகாய் அமைந்திருக்கின்றது என்பன போன்றவை. இரண்டாம் மூன்றாம் கிழமைகளில் முறையீடுகள் தலைகாட்டுகின்றன. 'சுடுகின்றது' என்பார் ஒருவர். 'மின்னூட்டம் மாலைவரை நிற்கவில்லை' என்பார் மற்றொருவர். 'விளையாட்டு இடையிடையே தடுக்கித் தடுக்கி ஓடுகின்றது' என்பார் இளைஞர். முன்னவை கண்ணாற் கண்ட அளவில் சொல்லத் தக்கன. பின்னவை பழகிப் பார்த்துச் சொல்வன. ஆதலின் பின்னவற்றிற்கே மதிப்பு மிகுதி.

இம்முறையீடுகள் எங்கிருந்து பிறக்கின்றன, அவற்றுள் எவை பேசியின் குற்றம், எவை இயற்கையின் விதி என்பனவற்றைத் தெளிவாய்க் காட்டிய நிகழ்ச்சி ஒன்று 2022ஆம் ஆண்டில் தென்கொரியாவில் நடந்தது. சாம்சங் நிறுவனத்தின் கேலக்சி எஸ்22 என்னும் பேசி வரிசையைப் பற்றியது அது.

அவ்வாண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள் அவ்வரிசை அறிவிக்கப்பெற்று, அத்திங்கள் 25ஆம் நாள் விற்பனைக்கு வந்தது. எஸ்22, எஸ்22 பிளஸ், எஸ்22 அல்ட்ரா என மூன்று உருப்படிகள். மூன்றும் ஆண்டிராய்டு என்னும் இயங்குதளத்தில் ஓடுவன. மூத்ததாகிய அல்ட்ரா, எழுதுகோலைத் தன் உடலுக்குள்ளேயே செருகி வைத்துக்கொண்டிருந்தமையால், நின்றுபோன நோட் வரிசையின் அன்பர்கள் அதனை உவந்து ஏற்றனர். நான்கு தலைமுறை இயங்குதளப் புதுப்பிப்பும் ஐந்தாண்டுப் பாதுகாப்புப் புதுப்பிப்பும் தருவதாக நிறுவனம் உறுதி கூறியதும் பாராட்டுப் பெற்றது. இளையதாகிய எஸ்22 மீது மட்டும் தொடக்கத்திலேயே ஒரு குறை சொல்லப்பட்டது. அதற்கு முந்திய எஸ்21 பேசியில் மின்கலத்தின் கொள்ளளவு 4,000 மில்லி ஆம்பியர் மணி. புதியதில் அது 3,700ஆகக் குறைந்திருந்தது. உடல் சிறுத்தது, உணவும் சிறுத்தது. ஆனால் உழைப்பு மிகுந்தது. இங்கேதான் சிக்கல் தொடங்குகின்றது.

பேசியின் மூளை எனத் தக்க சில்லு, விற்கப்படும் நாட்டிற்கேற்ப வேறுபட்டது. கொரியாவில் விற்றவற்றில் குவால்காம் நிறுவனம் வடிவமைத்த ஸ்னாப்டிராகன் 8 தலைமுறை 1 என்பதும், ஐரோப்பாவில் விற்றவற்றில் சாம்சங்கின் எக்ஸினோஸ் 2200 என்பதும் இருந்தன. இரண்டும் சாம்சங்கின் ஆலையில் '4 நானோமீட்டர்' முறையில் செய்யப்பட்டவை. (இந்த '4' என்பது இன்று ஒரு தலைமுறையின் பெயரேயன்றிச் சில்லில் உள்ள எந்த உறுப்பின் நீளமும் அன்று. பாடம் நடத்துவோர் இதனை மயங்காமற் சொல்லுதல் வேண்டும்.) ஸ்னாப்டிராகன் சில்லில் எட்டுக் கருக்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று நொடிக்கு 300 கோடித் துடிப்பு துடிக்கும் பெருங்கரு. மூன்று 250 கோடித் துடிப்புடைய நடுக்கருக்கள். எஞ்சிய நான்கும் 180 கோடித் துடிப்புடைய சிறுகருக்கள். பளுவான வேலை வருங்கால் பெருங்கருவும், நாட்குறிப்பு எழுதுதல் போன்ற எளிய வேலைக்குச் சிறுகருக்களும் முன்வரும். ஒரு வீட்டில் மூட்டை தூக்க அண்ணனும் கடைக்குப் போய்வரத் தம்பியும் இருத்தல் போன்ற ஏற்பாடு இது.

துடிப்பு மிகுந்தால் வேகம் மிகும் என்பது வெளிப்படை. ஆயின், வேகம் மிகுங்கால் செலவாகும் மின்னாற்றல் அதே அளவில் மிகுவதில்லை. அதனினும் விரைந்து மிகுகின்றது. ஏனெனின், சில்லு விரைந்து துடிக்க வேண்டுமானால் அதற்கு ஊட்டும் மின்னழுத்தத்தையும் உயர்த்த வேண்டும். ஆற்றற் செலவோ துடிப்பெண்ணோடு நேர் விகிதத்திலும், மின்னழுத்தத்தின் இருமடியோடு நேர் விகிதத்திலும் ஏறுகின்றது. ஓர் எடுத்துக்காட்டு: துடிப்பை 25 விழுக்காடு உயர்த்துவதற்கு மின்னழுத்தத்தை 10 விழுக்காடு உயர்த்த வேண்டியிருப்பதாகக் கொள்வோம். 1.25ஐ 1.1இன் இருமடியாகிய 1.21ஆற் பெருக்கினால் 1.51 வரும். அஃதாவது, வேகத்தில் நான்கிலொரு பங்கு கூடுதலாகப் பெறுவதற்கு ஆற்றலில் பாதிப் பங்கு கூடுதலாகச் செலவிட்டாகின்றது. செலவிட்ட ஆற்றல் எங்கே போகும்? சில்லு எதனையும் தூக்குவதில்லை, சுழற்றுவதில்லை. எனவே செலவான மின்னாற்றல் ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. போதாக்குறைக்கு, அடைத்த குழாயிலும் நீர் சொட்டுவது போல, ஓய்ந்திருக்கும் சில்லுறுப்புகளின் வழியாகவும் சிறிது மின்சாரம் கசியும். சூடு ஏறினால் அக்கசிவும் ஏறும். கசிவு சூட்டை வளர்க்க, சூடு கசிவை வளர்க்கின்றது.

மேசைக் கணினியில் இதற்கு விசிறி உண்டு. உள்ளங்கையில் அடங்கும் பேசியில் விசிறிக்கு இடமேது? பேசியின் முதுகும் முகமும் காற்றுக்கும் கைக்கும் வெப்பத்தைக் கொடுத்தே ஆறவேண்டும். கை என்பது எளிதிற் சுடும் பொருள். 44 பாகை செல்சியசு வெப்பமுடைய பொருள் தொட்ட அளவில் தோலைச் சுடாது. ஆனால் ஆறு மணி நேரம் போல இடைவிடாது தோலோடு ஒட்டியிருக்குமானால் அதுவே புண்ணாக்கும். படுக்கையில் பேசியை அணைத்துக்கொண்டு உறங்குவோர் இதனைக் கருத வேண்டும். ஆகவே பேசியின் உடல் ஒரு வரம்பைக் கடந்து சூடேறாதபடி, சில்லின் துடிப்பைத் தானே தாழ்த்திக்கொள்ளும் ஏற்பாடு எல்லாப் பேசிகளிலும் உண்டு. இது குற்றமன்று, இல்லாவிடில்தான் குற்றம்.

பூமத்தியரேகையை ஒட்டி வாழும் மலேசியர்க்கும் சிங்கப்பூரர்க்கும் இவ்விடத்தில் தனியே ஒரு செய்தி உண்டு. ஒரு பொருள் ஆறும் விரைவு, அதற்கும் சுற்றுக் காற்றுக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டைப் பொறுத்தது. பேசியின் உடல் 43 பாகை வரை ஏறலாம் என்று வைத்துக்கொண்டால், 20 பாகையுள்ள அறையில் அவ்வேறுபாடு 23. 32 பாகையுள்ள நம் முன்றிலில் அது 11 மட்டுமே. ஆறும் விரைவு பாதியினும் குறைகின்றது. குளிர்நாட்டு மதிப்புரையாளர் 'சூடே தெரியவில்லை' என்று எழுதியதைப் படித்து வாங்கியவர், இங்கே 'கொதிக்கின்றது' என்பாராயின் இருவரும் பொய்யர் அல்லர்.

இனி, கொரியாவில் நிகழ்ந்ததைக் காண்போம்.

சாம்சங் பேசிகளில் விளையாட்டுகளைச் சீர்செய்யும் சேவை என்னும் பெயரில் ஒரு மென்பொருள் பல ஆண்டுகளாகவே இருந்து வந்தது. விளையாட்டு ஒன்று தொடங்கும்போது இது விழித்துக்கொண்டு, சில்லின் வேகத்தையும் படங்களின் நுணுக்கத்தையும் மட்டுப்படுத்திச் சூட்டைக் காக்கும். முன்னெல்லாம் கைத்திறன் உடையோர் சுற்றுவழியில் இதனை முடக்கி வைத்தனர். 2022இல் அச்சுற்றுவழிகள் அடைக்கப்பட்டன. விலை மிகுந்த பேசியை வாங்கி, அறிவிக்கப்பட்ட முழு வேகத்தை எதிர்பார்த்த விளையாட்டு அன்பர்கள், எதிர்பார்த்த ஓட்டம் இல்லை என்று முணுமுணுக்கத் தொடங்கினர். ஆனால் முணுமுணுப்புக்குச் சான்று வேண்டுமே! சூட்டினால் எல்லாப் பேசியுந்தான் மெதுவாகும் என்று யாரும் சொல்லிவிடலாம்.

சான்றைக் கண்டுபிடித்த முறை பள்ளிக்கூடத்து அறிவியல் ஆசிரியர் ஒவ்வொருவரும் மாணாக்கர்க்கு எடுத்துக்காட்டத் தக்கது. பேசியின் திறத்தை அளப்பதற்கென்றே த்ரீடிமார்க், கீக்பெஞ்ச் போன்ற அளவைச் செயலிகள் உள்ளன. அவை பேசிக்குக் கடினமான கணக்குகளையும் படங்களையும் கொடுத்து, அது முடிக்கும் விரைவுக்கேற்ப மதிப்பெண் இடும். ஒவ்வொரு செயலிக்கும், திரையில் நாம் காணும் பெயர் ஒன்றிருக்க, இயங்குதளம் அடையாளம் காண்பதற்குரிய உட்பெயர் வேறொன்று உண்டு. கொரியக் காணொளியாளர் ஒருவர் த்ரீடிமார்க்கின் உட்பெயரை மட்டும் மாற்றினார். 'கென்ஷின் இம்பாக்ட்' என்னும் புகழ்பெற்ற விளையாட்டின் உட்பெயரை அதற்குச் சூட்டினார். வேறெதனையும் தொடவில்லை. அதே பேசி, அதே கணக்கு, அதே படங்கள். முன்பு பெற்ற மதிப்பெண் பாதிக்கும் கீழே சரிந்தது!

மாற்றியது ஒன்றே ஒன்று. ஆகவே விளைவுக்குக் காரணமும் அந்த ஒன்றேயாதல் வேண்டும். சூடு காரணமாயின், உட்பெயர் எதுவாயினும் மதிப்பெண் ஒன்றாகவே இருந்திருக்கும். பேசி, வேலையின் பளுவைப் பார்த்து வேகத்தைத் தாழ்த்தவில்லை. வேலை கொடுத்தவன் பெயரைப் பார்த்துத் தாழ்த்தியது. விளையாட்டு என்று பெயர் கண்டால் கடிவாளம். அளவைச் செயலி என்று பெயர் கண்டால் கட்டவிழ்ப்பு.

பள்ளி ஆய்வாளர் வருகின்றார் என்று கேட்டவுடன் சுவருக்குச் சுண்ணாம்பு பூசி, நன்றாய்ப் படிக்கும் நால்வரை முன்வரிசையில் இருத்தி, 'கேள்வி கேட்டால் இவர்களே எழுந்திருப்பார்கள்' என்று ஏற்பாடு செய்யும் பள்ளிகளைப் பற்றிய கதைகள் ஆசிரியர் உலகுக்குப் புதியன அல்ல. ஆய்வாளரின் குறிப்பேட்டில் பதிவது அந்நாள் ஒன்றின் பள்ளி. பெற்றோர் பிள்ளைகளை அனுப்புவதோ மற்றை நாட்களின் பள்ளிக்கு. அளவைச் செயலி தரும் எண்ணைப் படித்துப் பேசி வாங்குவோன் நிலையும் அதுவே. அவன் வாங்கிய பேசி, அந்த எண்ணைப் பெற்ற வேகத்தில் அவனுக்காக ஒருபோதும் ஓடாது.

இச்சோதனையை அடுத்து, கடிவாளத்துக்குரியன என்று ஒரு பட்டியல் பரவியது. ஏறத்தாழ 10,000 செயலிகளின் உட்பெயர்கள் அதில் இருந்தன. விளையாட்டுகள் மட்டுமின்றி, நெட்பிளிக்ஸ், டிக்டாக், மைக்ரோசாப்ட் அலுவலகச் செயலிகள், சாம்சங்கின் சொந்தச் செயலிகள் எனப் பலவும் அதிற் காணப்பட்டன. அளவைச் செயலிகள் மட்டும் இல்லை. 'எல்லாவற்றையும் முடக்கிவிட்டார்கள்' என்று கூக்குரல் எழுந்தது. இங்கே சற்று நிதானம் தேவை. பட்டியலில் பெயர் இருத்தல் வேறு, கடிவாளம் இடப்படுதல் வேறு. விளையாட்டல்லாத செயலிகளின் வேகத்தை அச்சேவை ஆள்வதில்லை என்று நிறுவனம் மறுமொழி கூறியது. சோதனையால் ஐயமின்றிக் காட்டப்பட்டது விளையாட்டுகளைப் பற்றியதே; அதற்கு மேற் சென்று பேசியோர் சான்றைக் கடந்து பேசினர் எனலாம்.

எனினும் காட்டப்பட்ட அளவே பெருங்குற்றத்துக்குப் போதுமானதாயிற்று. கீக்பெஞ்சை நடத்தும் கனடா நாட்டுப் பிரைமேட் லேப்ஸ் நிறுவனம் தானே சோதித்துப் பார்த்து, எஸ்22 மட்டுமன்றி எஸ்21, எஸ்20, எஸ்10 ஆகிய முந்திய வரிசைகளையும் தன் தரவரிசையிலிருந்து நீக்கிற்று. செயலியின் செயலைப் பாராமல் பெயரைப் பார்த்து வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அளவையைத் திரித்தலேயாம் என்பது அதன் நிலை. கொரியாவில் நுகர்வோர் கொதித்தெழுந்தனர். அந்நாட்டு வணிக ஆணையம் உசாவத் தொடங்கியது. ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்டோர் கூடி நட்டஈடு கேட்டு வழக்கும் தொடுத்தனர். வழக்கின் போக்கு இங்கு வேண்டுவதன்று.

நிறுவனம் விரைந்து இறங்கி வந்தது. மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் கொரியாவில் ஒரு மென்பொருள் புதுப்பிப்பை வெளியிட்டு, கடிவாளம் வேண்டுமா வேண்டாமா என்பதைப் பயன்படுத்துவோரே தேர்ந்துகொள்ள வழி செய்தது. 16ஆம் நாள் நடந்த பங்குதாரர் கூட்டத்தில், 2025இல் மறைந்த துணைத்தலைவர் ஹான் ஜோங்-ஹீ, நுகர்வோரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றாமைக்கு மன்னிப்புக் கேட்டார். உலகின் மிகப்பெரிய கைப்பேசி நிறுவனம் ஒன்றை, மூன்று கிழமைக்குள், ஓர் உட்பெயரை மாற்றிய சோதனை தலைவணங்கச் செய்தது.

குற்றம் எது, குற்றமன்று எது என்று பிரித்துப் பார்ப்பது இன்றியமையாதது. சூட்டைக் கருதி வேகத்தைத் தாழ்த்தியது முறையே. நெடுநேரம் ஆடுகின்ற சிறுவனின் கைக்கும், பேசியின் மின்கலத்துக்கும் அது காவல். அதனை வாங்குவோர்க்குச் சொல்லாமற் செய்தது பிழை. 'தொடர்ந்து ஆடினால் இத்தனை பங்கு வேகமே கிடைக்கும்' என்று ஒரு வரி எழுதியிருந்தால் பாதிச் சினம் பிறந்திராது. ஆனால் அளவைச் செயலிகளை மட்டும் விலக்கி வைத்தது இவ்விரண்டினும் வேறான வகையினது. முன்னது வாய்மூடி இருத்தல், இது பொய்ச்சான்று. அளவுகோலே வளைந்துவிட்டால், உண்மையில் நன்றாய்ச் செய்யப்பட்ட பேசியும் அதன் தகுதியை எதனைக் கொண்டு நிறுவும்? கேடு வாங்குவோனுக்கு மட்டும் அன்று. நேர்மையாய்த் தொழில் செய்யும் பொறியாளனுக்கும் சேர்த்தே.

இக்கேடு இவ்வொரு நிறுவனத்தோடு பிறந்ததும் அன்று. 2013ஆம் ஆண்டில் கேலக்சி எஸ்4இன் ஒரு வகையில், படங்களை வரையும் சில்லுப்பகுதி விளையாட்டுகளில் 480 மெகாஹெர்ட்சும், குறிப்பிட்ட சில அளவைச் செயலிகளில் 533 மெகாஹெர்ட்சும் துடித்ததை ஆனந்த்டெக் இதழ் எடுத்துக் காட்டிற்று. 2018இல் ஹுவாவெய் பேசிகள் சிலவும் 2021இல் ஒன்பிளஸ் 9 வரிசையும் இவ்வாறே அளவைப் பட்டியல்களிலிருந்து நீக்கப்பட்டன. ஆப்பிள் நிறுவனம் பழைய மின்கலமுடைய ஐபோன்களின் வேகத்தைச் சொல்லாமற் குறைத்து, 2017 டிசம்பரில் மன்னிப்புக் கேட்டது வேறு வகை. அங்கே தேர்வுக்கு ஒன்று பணிக்கு ஒன்று என்னும் வேறுபாடில்லை, மறைப்பு மட்டுமே.

எஸ்22இன் கதையில் பொறியியற் பகுதிக்கு ஒரு பின்னுரை உண்டு. 2023 பிப்ரவரியில் வந்த எஸ்23 வரிசையில் எக்ஸினோஸ் சில்லு கைவிடப்பட்டு, எல்லா நாடுகளுக்கும் ஸ்னாப்டிராகன் 8 தலைமுறை 2 சில்லே அளிக்கப்பட்டது. அது சாம்சங்கின் சொந்த ஆலையில் அன்று, தைவான் நாட்டு டிஎஸ்எம்சி ஆலையில் செய்யப்பட்டது. இளைய பேசியின் மின்கலம் 3,900ஆக உயர்ந்தது. வெப்பத்தைப் பரப்பும் ஆவிக்கலம் மூன்று பேசிகளிலும் வைக்கப்பட்டது. இவ்வாவிக்கலம் என்பது, உள்ளே சிறிது நீர்மம் அடைத்த தட்டையான செம்புக்கூடு. சில்லின்மேற் படியும் பகுதியில் நீர்மம் ஆவியாகி வெப்பத்தை எடுத்துச் சென்று, குளிர்ந்த ஓரங்களில் மீண்டும் நீர்மமாகித் திரும்பும். இட்டிலிப் பானையின் மூடியில் ஆவி பட்டு நீராய்ச் சொட்டும் செய்கையே இது. சூட்டின் மூலத்தைத் தொட்டுத் திருத்திய இவ்வேலை, கடிவாளத்தை மறைத்ததைக் காட்டிலும் கடினமானது. பயன்படுத்துவோரும் அவ்வாண்டு சூட்டைப் பற்றிப் பெரிதும் குறை கூறவில்லை.

இனித் தலைமைப் பேசி வாங்கக் கருதுவோர் எந்த எண்ணைப் பார்ப்பது? ஒருமுறை ஓடி எடுத்த உச்ச மதிப்பெண்ணை விட, தொடர்ந்து ஓடி எடுத்த மதிப்பெண்களே உண்மைக்கு நெருங்கியவை. த்ரீடிமார்க்கிலேயே இதற்கென ஒரு தாங்கு சோதனை உண்டு. ஒரு நிமிட வேலையை இடைவிடாது 20 முறை செய்யச் சொல்லி, ஒவ்வொரு சுற்றுக்கும் மதிப்பெண் குறித்து, மிகத் தாழ்ந்ததை மிக உயர்ந்ததால் வகுத்து விழுக்காடாகத் தரும். முதற் சுற்றில் 2,000 பெற்ற பேசி இருபதாம் சுற்றில் 1,200க்கு இறங்குமாயின் அதன் நிலைப்பு 60 விழுக்காடு. 1,700இல் தொடங்கி 1,500இல் முடியும் வேறொரு பேசியின் நிலைப்பு ஏறத்தாழ 88 விழுக்காடு. கடை விளம்பரத்தில் முன்னது வெல்லும். கால் மணி நேரத்துக்கு மேல் ஆடுவோர் கையில் பின்னது வெல்லும். மதிப்புரைகளில் இவ்வெண்ணைத் தேடும்போது, சோதனை நடந்த அறையின் வெப்பம் எவ்வளவு என்று எழுதப்பட்டிருக்கின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். 20 பாகை அறையில் பெற்ற 88, உச்சிவேளையில், குளிர்சாதனம் இல்லாத நம் வீட்டில் அப்படியே கிடைக்காது. பேசிக்குத் தடித்த உறை போட்டிருந்தால் இன்னும் குறையும்.